ஆயர் இல்லத்தில் நோய் இருக்கும் ஆண்டில் கிறிஸ்மஸ் காலத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: கன்டோன்மென்ட் ஆயர்

அன்பர்களுக்குத் தோத்திரம். நான் பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சபையில் ஆயராகப் பணி செய்கிறேன். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது இந்த ஆண்டு மழைக்காலத்தில் தெரியவந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கீமோதெரபி நடந்துகொண்டிருக்கிறது. டிசம்பர் நடுவில் அடுத்த சுற்று வருகிறது. ஆகவே வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்கள் சரியாகக் கிறிஸ்மஸ் வாரத்தில் விழும் என்றும், அந்த நாட்களில் கூட்டத்தையும் சளி இருமல் உள்ளவர்களையும் அண்டவே விடக் கூடாது என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஆயர் இல்லத்தில் டிசம்பர் எப்படி இருக்கும் என்பதை இங்கே பலர் அறிவீர்கள். முதல் வாரத்திலேயே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன் என்று இரவெல்லாம் வீடு வீடாகப் பாடிவிட்டு, கடைசி இரவில் பாடகர் குழுவும் வாலிபர்களும் கிறிஸ்மஸ் தாத்தா வேடமிட்டவரும் எங்கள் வீட்டில் வந்துதான் முடிப்பார்கள். அந்த அகால வேளையில் அத்தனை பேருக்கும் சூடாக ஏதாவது கொடுப்பது ஆயரம்மாவின் பொறுப்பு. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் விற்பனைக்கு உரிய கல்கல் என்ற இனிப்புப் பலகாரமும் அச்சு முறுக்கும் எங்கள் அடுப்படியில்தான் தயாராகும். இருபத்தைந்தாம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் சபையாரில் பாதிப் பேர் கையில் கேக் தட்டோடு வருவார்கள். அன்று இரவு வரை கதவு மூடப்படுவதில்லை. இதை நான் சுமையென்று சொல்லவில்லை. என் மனைவி விரும்பிச் செய்துவந்த வேலை இது. இப்போதும் படுத்தபடியே ரவை எவ்வளவு, நெய் எவ்வளவு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆண்டு வேறொரு காரியமும் சேர்ந்துகொண்டது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய ஆகமன காலத்தில், ஒரு ஞாயிறு மாலையில் நம் பாடகர் குழு ஒரு பெரிய வணிக வளாகத்தில் பாட வேண்டும், செலவை ஒரு கட்டுமான நிறுவனம் ஏற்கும், மேடையின் பின்னால் அதன் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதாகை இருக்கும், நான் ஜெபித்துத் தொடங்கிவைக்க வேண்டும் என்று சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் சிலர் பேசி வைத்திருக்கிறார்கள். வரும் நன்கொடையில் ஒரு பகுதியை என் மனைவியின் மருத்துவத்துக்குக் கொடுப்பதாகவும் அவர்களே சொல்கிறார்கள். அவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தை சேர்ந்த பிறகு மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை.

பிள்ளைகள் இருவர். சின்னவன் நான்காம் வகுப்புப் படிக்கிறான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் எரிகிற விளக்குகளைப் பார்த்துவிட்டு, பள்ளியில் சீக்ரெட் சாண்டா விளையாட்டுக்குப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன், அம்மாவுக்கு உடம்பு முடியாததால் நமக்கு இந்த வருடம் கிறிஸ்மஸ் கிடையாதா என்று கேட்டான். சபையைப் புண்படுத்தாமல் வீட்டுக் கதவை எப்படிச் சாத்துவது, அந்த வளாக நிகழ்ச்சியை என்ன செய்வது, இவனுக்கு என்ன சொல்வது என்ற மூன்றும் எனக்குள் பின்னிக் கிடக்கின்றன. இதைக் கடந்து வந்த குடும்பங்கள் இருந்தால் எழுதுங்கள்.

பதில்: வார்டு செவிலி

ஐயா, தோத்திரம். நான் இதே ஊரில் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் சபையில் பாடகர் குழுவிலும் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

பெரும்பாலான கீமோ மருந்துகளில், மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான இடைவெளியில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். பிறகு மெல்ல ஏறி, அடுத்த சுற்றுக்கு முந்தைய நாட்களில் ஓரளவு நல்ல நிலைக்கு வந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை 1,500க்குக் கீழே போனால் குறைவு என்கிறோம். 500க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், தொற்று உள்ளே பரவிக்கொண்டிருக்கும். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ எடுப்பவர் என்பதை வாசலிலேயே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இருபத்தைந்தாம் தேதி அதிகாலையில் நீங்கள் பலிபீடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டில் தெர்மாமீட்டர் பார்ப்பவர் யார், வண்டி எடுப்பவர் யார், கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பவற்றை இப்போதே முடிவு செய்து, அந்த நபரை அன்று கோயிலுக்கு வர வேண்டாம் என்று சொல்லி வீட்டில் நிறுத்துங்கள்.

விருந்தினரைக் காட்டிலும் எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான், ஐயா. டிசம்பர் முழுவதும் ஆயிரம் கைகளைக் குலுக்குகிறவர் நீங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு வீடு வீடாக அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொண்டுபோகிறவரும் நீங்கள். எல்லாரும் பருகிய பாத்திரத்தில் மீந்த திராட்சரசத்தைக் கடைசியில் குடித்து முடிப்பவரும் நீங்கள்தான். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகள் தனித்தனிச் சிறு கிண்ணங்களுக்கு மாறின. உங்கள் சபை மாறவில்லையென்றால், இந்த மருத்துவச் சுற்றுகள் முடியும் வரையிலாவது அதற்கு அனுமதி கேளுங்கள், அல்லது உடன் ஊழியர் ஒருவர் பாத்திரத்தை முடிக்கட்டும். வீட்டில் இருக்கும் மற்ற எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அது வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். அம்மாவுக்குப் போடலாமா, எப்போது என்பதை அவர்களுடைய மருத்துவர் சொல்லட்டும். வெள்ளையணுக்களைத் தூண்டும் ஊசி அவர்களுக்கு ஏற்றதா என்பதையும், சுற்றின் தேதியைச் சற்று நகர்த்த இடம் உண்டா என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும், நீங்களாக நகர்த்திவிடாதீர்கள்.

வருகிற தின்பண்டங்களில் நன்றாக வெந்த பிளம் கேக்கும் எண்ணெயில் பொரித்தவையும் பெரும்பாலும் பயமில்லாதவை. வெளியே வைத்திருந்த கிரீம் கேக், நறுக்கிய பழம், பச்சைக் காய்கறிக் கலவை ஆகியவற்றை அவர்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூங்கொத்துகளும் அந்த அறைக்குள் வேண்டாம். வாய்ப்புண் இருந்தால் அச்சு முறுக்கு அவர்களுக்கு முள்ளாகக் குத்தும். கஞ்சியும் ஆறிய கேழ்வரகுக் கூழும் போதும். எண்ணெய் காயும் வாசனையே குமட்டலைக் கொண்டுவரும் என்பதால், சங்கத்துப் பலகார வேலையை இந்த ஆண்டு வேறொரு வீட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

பதில்: கம்மனஹள்ளி ஆயரம்மா

ஆயரவர்களுக்கும் தங்கைக்கும் என் அன்பு. என் கணவர் ஓய்வுபெற்ற ஆயர். எத்தனையோ ஆயர் இல்லங்களில் டிசம்பர் மாதங்களைக் கடந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கதவைச் சாத்துவதாக நீங்கள் அறிவிக்கக் கூடாது. சபை அறிவிக்க வேண்டும். ஆகமன காலத்தின் முதல் ஞாயிறன்று, அறிவிப்பு நேரத்தில், சபைச் செயலர் நின்று ஒரு சிறு கடிதத்தை வாசிக்கட்டும். நம் ஆயரம்மா சிகிச்சையில் இருக்கிறார்கள், மருத்துவர் சொன்னபடி இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஆயர் இல்லத்துக்குள் யாரும் போக வேண்டாம், உணவு கொடுக்க விரும்புகிறவர்கள் இன்னாரிடம் சொல்லுங்கள், ஆயர் வழக்கம்போல் கோயில் அலுவலறையில் எல்லாரையும் சந்திப்பார் என்ற நான்கு வாக்கியம் போதும். நோயின் பெயரும் கட்டியின் அளவும் அறிக்கையின் விவரமும் அதில் வேண்டாம். ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி எல்லாரும் பேசும்படி ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தங்கைக்கு அந்த வேதனை வரக் கூடாது. எவ்வளவு சொல்லலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

சபை வருத்தப்படும் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 2020ஆம் ஆண்டு கிறிஸ்மஸை நினைத்துப் பாருங்கள். வழக்கமான கேரல் ரவுண்ட்ஸ் இல்லை, கைகுலுக்கல் இல்லை, பாதிப் பேர் கைபேசியில் ஆராதனை பார்த்தார்கள். யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் ஆபத்து எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. இந்த ஆண்டு ஆபத்து ஒரே ஒரு அறையில் இருக்கிறது. அந்த அறையில் இருப்பவரும் சபையின் ஓர் அங்கத்தினர்தான். ஊரில் உள்ள நோயாளிகளையெல்லாம் சந்திக்கும் ஆயர், தம் வீட்டு நோயாளியை மட்டும் சபையின் வசதிக்காகக் கூட்டத்தின் நடுவே விட வேண்டும் என்று எந்த நல்ல சபையும் கேட்காது.

சிலர் வேறு விதமாக வருவார்கள். என்ன பாவம் மறைந்திருக்கிறதோ என்பார்கள். விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்பார்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, ஆண்டவர் இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று யோவான் 9ஆம் அதிகாரத்தில் வெட்டிச் சொன்னார். அது போதும். அப்படிப் பேசுகிறவர்களை வாசலோடு நிறுத்துவது மரியாதைக் குறைவு அல்ல, அது ஒரு கணவரின் கடமை.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மருத்துவ உதவி வேண்டுமானால் பேராயத்தில் ஆயர் குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு உண்டு என்று எழுதிக் கேளுங்கள். சபையார் மனமுவந்து கொடுக்க விரும்பினால், பொருளாளர் ரசீது போட்டு வாங்கட்டும். ஒரு கட்டுமான நிறுவனத்தின் பதாகைக்குக் கீழே தங்கையின் நோய் ஒரு காரணமாக நிற்கக் கூடாது. அவர்களைக் கேட்டீர்களா, ஐயா? உங்கள் கடிதம் முழுவதிலும் அவர்கள் ரவைக்கும் நெய்க்கும்தான் கணக்குச் சொல்கிறார்கள். இந்தப் பணத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

பதில்: சிவாஜிநகர் பொருளாளர்

ஆயரம்மா அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் இரண்டு இடங்களில் என் கருத்து வேறு. நான் பல ஆண்டுகள் ஒரு சபையின் பொருளாளராக இருந்தவன்.

ஆயர் இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேக் தட்டோடு வருகிறவர்கள் அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஒற்றை அறையில் தனியே வாழும் முதியவர்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், கணவனை இழந்தவர்களும் அன்று ஒரே ஒரு வீட்டில்தான் உட்கார்ந்து பேசி, ஒரு வாய் சோறு சாப்பிடுகிறார்கள். அது ஆயர் வீடு. அந்தக் கதவு சாத்தப்பட்டால் மற்றவர்களுக்கு ஒரு சந்திப்பு குறையும், இவர்களுக்குக் கிறிஸ்மஸே போய்விடும். ஆகவே மூடுவதோடு நிறுத்தாமல், சபை மண்டபத்தில் அன்று மதியம் பந்தி போட்டுவிடுங்கள். சமையலை வாலிபர் சங்கம் ஏற்கட்டும், விருந்தோம்புவது கமிட்டிக் குடும்பங்களாக இருக்கட்டும். ஆயர் அங்கே சற்று நேரம் தள்ளி உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தொற்றுக்கு அஞ்சி வாழ்க்கையை மாற்றி அமைப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. நம் கேரல் வண்டி சுற்றுகிற ஃபிரேசர் டவுனே, 1898இல் பிளேக் வந்து போன பிறகு, கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைப்பதற்காகத் திட்டமிட்டு எழுப்பிய பகுதிதான்.

இரண்டாவது, வியாபாரம் என்ற பேச்சு. எல்லா வியாபாரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டிசம்பரில் சிவாஜிநகரில் நட்சத்திரம் விற்கிறவர்களும், ரஸ்ஸல் மார்க்கெட்டில் உலர்ந்த திராட்சையும் முந்திரியும் நிறுத்துத் தருகிறவர்களும், இரவெல்லாம் விழித்துப் புதுத்துணி தைக்கும் தையற்காரர்களும் அந்த ஒரு மாத வருமானத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள். எங்கள் சபையில் கணவனை இழந்த சகோதரிகள் சிலர் வீட்டிலேயே கேக்கும் கல்கல்லும் செய்து விற்கிறார்கள். ஃபிரேசர் டவுனில் பேக்கரி வாசல்களில் வரிசை நிற்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், இந்தச் சகோதரிகளிடம் விலை பேசாமல் வாங்கினால் அதுவே போதும். உங்கள் வீட்டில் செய்ய முடியாத பலகாரங்களை இந்த ஆண்டு அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

வளாகத்தில் பாடுவதிலும் எனக்குத் தடையில்லை. கடைக்கு வந்தவன் ஒருவன் தமிழில் ஒரு கீர்த்தனை கேட்டு நின்றால் அதுவும் நன்மையே. ஆனால் பாடுவது வேறு, ஆயர் மேடையேறி வீடு விற்கும் பதாகையின் முன் ஜெபிப்பது வேறு. அதைச் செய்யாதீர்கள். பதாகையை எடுத்தால் பாடுகிறோம், எடுக்காவிட்டால் நம் கோயில் வளாகத்திலேயே சாலையைப் பார்த்து நின்று பாடுகிறோம் என்று கமிட்டியிலிருந்து கடிதம் போகட்டும். மருத்துவப் பணத்தை இதோடு முடிச்சுப் போட்டது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த வரவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு பொருளாளர் யோசித்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பதில்: மாதுங்கா ஆயர்

மும்பையிலிருந்து ஒரு சக ஊழியனின் சிறு குறிப்பு. டிசம்பர் இருபத்தைந்தோடு எல்லாம் முடிகிறது என்பது கடைத்தெருவின் நாட்காட்டி. அங்கே மறுநாளே தள்ளுபடிப் பலகை ஏறிவிடும். திருச்சபையின் நாட்காட்டியில் அன்றுதான் பண்டிகை தொடங்குகிறது. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருப்புக்கும் மனந்திரும்புதலுக்கும் உரியவை. பலிபீடத்தில் ஊதாத் துணி விரிப்பதும் அதனால்தான். பிறப்பின் கொண்டாட்டம் பன்னிரண்டு நாட்கள் நீண்டு, ஜனவரி 6ஆம் தேதி பிரசன்னத் திருநாளில் போய்ச் சேர்கிறது. டிசம்பர் 25இல் பிறப்புவிழா கொண்டாடியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 336ஆம் ஆண்டு ரோமைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபையோ இன்றுவரை ஜனவரி 6ஆம் தேதியிலேயே ஆண்டவரின் பிறப்பை ஆசரிக்கிறது.

செவிலியர் சகோதரி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். டிசம்பர் நடுவில் மருந்து ஏற்றினால், அணுக்கள் மீண்டும் ஏறி நிற்கும் மூன்றாம் வாரம் ஜனவரியின் முதல் நாட்களில் வருகிறது. உங்கள் குடும்பத்தின் கிறிஸ்மஸ் சாப்பாட்டையும் புதுத்துணியையும் பரிசுகளையும் அந்த நாட்களுக்கு வைத்துக்கொண்டால் நீங்கள் பண்டிகையைத் தள்ளிப்போட்டவர்கள் ஆகமாட்டீர்கள், பண்டிகைக்குள்ளேயே இருப்பீர்கள். இருபத்தைந்து அன்று, ஆராதனையை முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய், உடை மாற்றிக் கைகழுவி, அவர்களுடைய கட்டிலருகே திருவிருந்து கொடுங்கள். வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு மற்ற நாட்களில் நீங்கள் செய்வதுதான் அது.

மேல்நாட்டுச் சபைகள் பலவற்றில், ஆண்டின் நீண்ட இரவையொட்டி, டிசம்பர் 21 வாக்கில், துக்கத்திலும் நோயிலும் இருப்பவர்களுக்கென்று அமைதியான ஓர் ஆராதனை நடத்துகிறார்கள். அலங்காரம் இல்லை, உற்சாகப் பாட்டு இல்லை. ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் ஆறுதல் வசனங்கள், சில சங்கீதங்கள், மெழுகுவத்திகள், நீண்ட மௌனம். உங்கள் சபையிலும் அந்த மாதம் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். வேறொருவரை நடத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். ஆயருக்கும் ஓர் ஆயர் வேண்டும்.

பதில்: ஆயர் மகள்

சின்னவனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் ஆயர் வீட்டில் வளர்ந்தவள். என் அம்மா காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்ட ஆண்டில், சபையாருக்குத் தெரியக் கூடாது என்று, யார் கேட்டாலும் அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும்படி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மா பின்னறையில் இருமிக்கொண்டிருப்பார்கள், கேரல் குழு முன்னறையில் பாடிக்கொண்டிருக்கும், நாங்கள் சிரித்த முகத்தோடு தட்டு நீட்ட வேண்டும். நோயைவிட அந்தப் பொய்தான் எங்களை நெடுங்காலம் வாட்டியது. ஆகவே, ஐயா, உங்கள் மகனுக்கு உண்மையை அவன் வயதுக்கேற்ற சொற்களில் முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் நோயை அழிக்கும் மருந்து, அம்மாவைக் காக்கும் அணுக்களையும் கொஞ்ச நாளைக்குக் குறைத்துவிடுகிறது, அது திரும்ப வளரும் வரைக்கும் நாம் காவல் இருக்க வேண்டும் என்றால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். முடி கொட்டியதும், அம்மா எதையாவது சாப்பிட்டு வாந்தி எடுப்பதும் அவன் செய்த குறும்பால் அல்ல என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் அப்படியும் நினைத்துக்கொள்வார்கள், கேட்கமாட்டார்கள்.

பரிசைப் பற்றி அவன் கேட்டதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயர் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு கூடுதல் பாரம் உண்டு. மற்றப் பிள்ளைகள் கேட்கக் கூடியதை இவர்கள் கேட்டால், ஆயர் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்கலாமா என்பார்கள். அவனுக்குப் பிடித்த ஒரு பொருளை, விலையில் உங்களுக்கு எட்டக்கூடியதை, மனக்குறையில்லாமல் வாங்கிக் கொடுங்கள். அதோடு நிக்கொலாவின் கதையையும் சொல்லுங்கள். 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் உள்ள மிரா என்ற ஊரின் பேராயராக இருந்தவர் அவர். வரதட்சிணை இல்லாமல் தவித்த ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்காக இரவில் யாருக்கும் தெரியாமல் பொன் போட்டுவிட்டு வந்ததாக மரபு சொல்கிறது. கிறிஸ்மஸ் தாத்தாவின் மூலம் அவர்தான், அவருடைய நாள் டிசம்பர் 6. அன்று உங்கள் மகனே யாருக்கும் சொல்லாமல் ஏதாவது ஒன்றை, ஆலயப் பணிவிடை செய்யும் கோயில் பிள்ளையின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரட்டும். எனக்குத் தெரிந்து பிள்ளைகளுக்கு இதைப்போல் ஆசையான வேலை வேறில்லை.

மூத்தவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெண் பிள்ளையாக இருந்தால், ஆயரம்மா செய்துவந்த வேலைகளெல்லாம் சத்தமில்லாமல் அவள் தலையில் வந்து விழுந்திருக்கும். சற்றுக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கன்டோன்மென்ட் ஆயர்

எல்லாருக்கும் நன்றி. மூத்தவள் பெண்தான், பத்தாம் வகுப்பு. சகோதரி எழுதியது அப்படியே உண்மை. என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டார்கள், இனி அடுப்படி அவர்கள் பொறுப்பு, மகள் படிக்கட்டும் என்று பேசி முடித்துவிட்டோம்.

ஆயரம்மா அவர்கள் கேட்ட கேள்வியை நேற்று இரவு என் மனைவியிடம் கேட்டேன். அந்தப் பணம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னார். கேரல் குழுவை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், மாடி ஜன்னலிலிருந்து கேட்கிறேன் என்றும் சொன்னார். ஆகவே கடைசி இரவு குழு ஒன்பது மணிக்கு முன்பே காம்பவுண்டுக்கு வந்து, கீழே நின்று பாடிவிட்டு, மண்டபத்தில் போய்ச் சாப்பிடும். செயலர் கடிதத்தை வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டார். சிறு கிண்ணங்களுக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். மதியப் பந்திக்குப் பெயர் கொடுத்தவர்களில், கமிட்டியில் என்னோடு வாதாடிய ஒருவரும் இருக்கிறார். வளாக நிகழ்ச்சி இன்னும் முடிவாகவில்லை. மருத்துவப் பணத்தை அதிலிருந்து நீக்கும்படியும், நான் மேடையேறப் போவதில்லை என்றும் எழுத்தில் கொடுத்துவிட்டேன்; பதாகையைப் பற்றி வருகிற ஞாயிறு கூட்டத்தில் பேசுவார்கள், பாடகர் குழுவிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. குடும்பச் சாப்பாடு ஜனவரி முதல் ஞாயிறன்று.

செவிலியர் சகோதரிக்கு இன்னொரு கேள்வி. சின்னவனுடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை வந்திருப்பதாக இன்று பள்ளியிலிருந்து செய்தி வந்தது. என் மனைவிக்குச் சிறுவயதில் அம்மை வந்து போயிருக்கிறது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: வார்டு செவிலி

இன்றே சொல்லுங்கள், ஐயா. சிறுவயதில் வந்திருந்தாலும் கீமோ காலத்தில் இதைத் தெரிவித்தே ஆக வேண்டும். தேவை என்று மருத்துவர் கருதினால் தடுப்பு மருந்து கொடுப்பது உண்டு, ஆனால் நாள் கடந்தால் அதன் பயன் குறைந்துவிடும். மகனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா, அந்தப் பிள்ளை கடைசியாக எந்த நாள் வகுப்புக்கு வந்தது என்ற இரண்டு விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பதில் கிடைக்கும் வரை அவன் பாட்டியோடு கீழ் அறையில் இருக்கட்டும்.